நாலேகால் அடி

லெப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகள் போனில் கட்டப்பட்டவை. ஆண்கள் சார்ஜாவிலும் குவைத்திலும் தம்மாமிலும் இருப்பார்கள். கொத்தனார் இங்கே வாசலில் நிற்பார். நடுவில் பெண்டாட்டிக்காரி ஒரு கையில் போனும் மறுகையில் டேப்புமாக, ஜன்னல் தரையிலிருந்து ரெண்டே முக்கால் அடியா மூணு அடியா என்று கேட்டுக்கொண்டிருப்பாள். மூணு என்று அந்தப் பக்கத்திலிருந்து பதில் வரும். அந்த ஜன்னலோரம் அவர் உட்காரப்போவது ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம், அதுவும் ரெண்டு மாதம். வருஷம் பூராவும் உட்காரப்போகிறவளை உனக்கு எத்தனை அடி வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்கவில்லையே என்று அவளும் நினைத்ததில்லை. ஊர் வழக்கம் அப்படி, அதைக் குறை சொன்னால் சொன்னவன்தான் கெட்டவன்.

மர்ஜியாவும் அப்படித்தான் வீடு கட்டினாள். ஆனால் அவள் அளவு அரை அங்குலம் பிசகாது. புருஷன் முகமது அனஸுக்குச் சார்ஜாவில் ஒரு பெரிய ஹோட்டலில் கேபிள் வேலை. அறை அறையாகப் போன் லைன், டிவி லைன், இன்டர்நெட் லைன் எல்லாம் இழுத்துக் கொடுக்க வேண்டும். அவன் அங்கிருந்து சொல்ல, இவள் அளந்து திருப்பிச் சொல்ல, அவன் தாளில் கோடு போட, இரண்டு வருஷத்தில் வீடு எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு முதல் லீவில் வந்தவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போய்ச் சுவிட்சில் கை வைத்தான். "நான் சொன்ன எடத்துலயே இருக்கு" என்றான். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவன் அவளைப் பாராட்டிச் சொன்னது அது ஒன்றுதான். அந்தப் பத்து வருஷத்தில் இருவரும் சேர்ந்து இருந்த நாட்களைக் கூட்டினால் பதினோரு மாதம் வரும். அவள் கூட்டிப் பார்த்திருக்கிறாள்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், ஆடி முடிகிற சமயம், அனஸின் தாய்மாமா அப்துல் மஜீது வந்தார். குவைத்தில் இருபது வருஷம் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர். பெரம்பலூரில் நாலு ரோட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஹைவேஸ்காரர்கள் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்த இடத்தில், மூன்று மாடியில் இருபத்துநாலு அறை ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார். தன் அக்கா நஜீமாவிடம், அதாவது மர்ஜியாவின் மாமியாரிடம், புலம்புவதற்கென்றே வந்திருந்தார்.

"அரியலூரு சிமிட்டி பேக்டரிக்கு வர்ற இஞ்சினியரெல்லாம் மடியில கம்ப்யூட்டர வச்சுக்கிட்டு வர்றானுவ லாத்தா. பெட்சீட்டு சுத்தமான்னு கேக்குறதுல்ல. நெட்டு இருக்கான்னு கேக்குறான். சரின்னு திருச்சியிலேர்ந்து ஒருத்தன வரச்சொன்னேன். வந்தான், அண்ணாந்து பாத்தான், ஒயர வெளியில இழுத்துக்கலாம் பாய்னுட்டுப் போயிட்டான். புதுச் செவுத்துல ஒயரு தொங்குனா நல்லாவா இருக்கும்?"

"நம்ம புள்ள இருக்கறப்ப வெளியாளு எதுக்குடா?" என்றாள் நஜீமா.

"அதச் சொல்லத்தான் வந்தேன். அனஸு பிளான் போடட்டும். மர்ஜியா அளந்து குடுக்கட்டும். வூடு கட்டலையா அவ? ஹோட்டலும் வூடுதான், கொஞ்சம் பெருசு. வேல முடிஞ்சா அவனும் எதுக்கு அங்க கெடந்து வேகணும்? நெட்டு, போனு எல்லாத்தையும் பாத்துக்க எனக்கு ஒரு ஆளு வேணும். ஊரோட வந்துரட்டும்."

அடுப்படியில் டீ போட்டுக்கொண்டே இதைக் கேட்ட மர்ஜியா தட்டோடு வந்தாள். டீயைக் கொடுத்தாள். மஜீது ஒரு வாய் குடித்துவிட்டு, "சீனி போடலியாம்மா?" என்று கேட்டார்.

ஜும்மா தொழுதுவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் அனஸ் போன் பண்ணுவான். அந்த வெள்ளிக்கிழமை அவன் சலாம் சொல்லி முடிப்பதற்குள் அவள் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"மாமா சொன்னத கேட்டீங்களா மச்சான்?"

"கேட்டேன். மொதல்ல வேல முடியட்டும்."

"முடிச்சிரலாம். எப்புடின்னு மட்டும் சொல்லுங்க."

"கேபிளு நம்ம நடக்குற மாதிரி நடக்காது மர்ஜியா. செவுத்துல ஏறும், கூரையில போவும், மறுபடி எறங்கும். ஏறுறது எறங்குறது எல்லாம் சேத்து அளக்கணும். ஒரு லைன் முந்நூறு அடிக்கு மேல போவக் கூடாது. போனா அந்தக் கோடியில ஒன்னும் போய்ச் சேராது."

"சார்ஜாவுலேர்ந்து பேச்சு வருது. முந்நூறு அடிக்கு மேல போவாதாமா?"

அனஸ் சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. அன்றைக்குப் பூராவும் அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே அவள் பாத்திரம் விளக்கினாள், துணி மடித்தாள்.

பிளான் இன்டர்நெட்டில் வந்தது. பிரவுசிங் சென்டரில் அதை எட்டுத் தாளாகப் பிரிண்ட் எடுத்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஒரே விரிப்பாக்கினாள். கரண்ட் போகிற வழி சிவப்பு, இன்டர்நெட் போகிற வழி நீலம். சிவப்புக்கும் நீலத்துக்கும் ஒரு அடி இடைவெளி இருந்தே ஆக வேண்டும், பக்கத்தில் போனால் ஒன்றை ஒன்று கெடுக்கும் என்று அனஸ் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். வாரத்தில் மூன்று நாள் பெரம்பலூர் பஸ். தனியாகப் போனால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று நஜீமாவும் கூடவே வந்தாள். மருமகள் மேலும் கீழும் ஏறி இறங்க, மாமியார் பூச்சில்லாத அறை ஒன்றில் சிமெண்ட் சாக்கை விரித்து, அதன்மேல் தொழுகிற முசல்லாப் பாயைப் போட்டு, தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருப்பாள். மத்தியான லுஹர் தொழுகைக்கு முன்னால் கலவை மிஷினை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்புவாள். இரண்டாவது வாரத்திலிருந்து வேலையாட்களே அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டார்கள்.

டேப்பின் மறுமுனையைப் பிடித்தவள் சிந்தாமணி. சிறுவாச்சூரிலிருந்து வருகிற சித்தாள். தலையில் சும்மாட்டோடு ஓடிவந்து டேப் முனையைச் சுவரில் அழுத்திப் பிடிப்பாள். எண் படிக்கத் தெரியும், அதில் அவளுக்குப் பெருமை. எலக்ட்ரிஷியன் வெள்ளைச்சாமி திருமானூர்க்காரர், ஐம்பது வயசு. பிளானைப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"செவப்புக் கோடு சரிங்க. இது என்னா நீலக் கோடு? அதுல கரண்டே வராதாம். கரண்டு வராத ஒயருக்கு பைப்பு போட்ட மொத ஆளு நானாத்தான் இருப்பேன்."

"போடுங்கண்ணே. அவங்க சொன்னா சரியா இருக்கும்" என்றாள் மர்ஜியா.

"அவரு அங்கேருந்து சொல்லிருவாரு. ஏணியில நிக்கிறது நாந்தானே."

மத்தியானம் மர்ஜியா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால் சிந்தாமணி தூக்குவாளியோடு பக்கத்தில் வந்து உட்காருவாள். பழைய சோறு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். பெரம்பலூரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சம் வராது.

"ஏங்க்கா, அவுரு அங்க ஒக்காந்து கோடு போடுறாரு, நீங்க இங்க அளக்குறீங்க. ஒரு நாளு வந்து நேருல பாத்துட்டுப் போனா ஆவாதா?"

"லீவு கெடைக்காதுடி."

"என் வூட்டுக்காரனுக்குத் தெனம் லீவுதான். காலையில கண்ணு முழிச்சா அவன் மூஞ்சி, வேலைக்குப் போயிட்டு வந்தா அவன் மூஞ்சி. குடிச்சா ஒரு மூஞ்சி, குடிக்காட்டி அதவிட மோசமான மூஞ்சி. ரெண்டு வருசம் எங்கயாச்சும் கப்பல் ஏத்தி உட்டா காளியாத்தாளுக்கு மாவெளக்கு போடுவேன்."

"அனுப்பிப் பாரு, தெரியும்."

"என்னாக்கா தெரியும்?"

மர்ஜியா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். "புள்ளைக்குக் காய்ச்சல்னா போன்ல சொல்லக் கூடாது. அங்க அவங்க வேல செய்ய முடியாது. வூட்ல சண்டைன்னா சொல்லக் கூடாது. நல்லது மட்டுந்தான் சொல்லணும். நல்லது எவ்வளவுடி இருக்கும்? அஞ்சு நிமிஷத்துல தீந்துடும். போன வச்சதுக்கப்புறம் மத்ததெல்லாம் நெஞ்சுக்குள்ளயே கெடக்கும். யார்ட்டயும் சொல்ல முடியாது."

சிந்தாமணி ஒரு வெங்காயத்தை உரித்து அவள் இலையில் வைத்தாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்த வருஷத்து மழையைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். வெள்ளாறு கரை புரண்டது, கொள்ளிடத்துப் பக்கம் போக பஸ் இல்லை. ரோட்டுக்குத் தோண்டிய பள்ளமெல்லாம் குளமாகி, ஹோட்டல் மணலில் பாதி அதில் போய்விட்டது. இரண்டாம் மாடித் தளத்துக்குக் கம்பி கட்டி, பதினைந்து நாள் சும்மா கிடந்தது. மழை வெறித்த முதல் நாள் காலையிலேயே மஜீது மிஷினைக் கூப்பிட்டுவிட்டார். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் கம்பிகளுக்கு இடையில் பைப்பெல்லாம் சரியாகக் கிடக்க வேண்டும். அதன் வாயில் சாக்குத் துண்டை அடைத்திருக்க வேண்டும். கான்கிரீட் உள்ளே இறங்கிவிட்டால் அந்தப் பைப்பை அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மர்ஜியா கம்பிமேல் கால் வைத்து வைத்துப் போய் ஒவ்வொரு வாயாக எண்ணினாள். பத்து இருக்க வேண்டும், ஒன்பதுதான் இருந்தது. மறுபடி எண்ணினாள். மிஷின் சுற்ற ஆரம்பித்திருந்தது.

"நிறுத்தச் சொல்லுங்கண்ணே. ஒரு பைப்பு கொறையுது."

"அதெல்லாம் போட்டாச்சுங்க, நானே போட்டேன்" என்றார் வெள்ளைச்சாமி.

"எரநூத்து நாலாம் ரூமுக்கு இல்ல."

வெள்ளைச்சாமி பிளானைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டுக் கம்பிக்குக் கீழே கையை விட்டுத் துழாவினார். மழையில் கட்டு அவிழ்ந்து பைப் பலகையோரமாக நழுவிக் கிடந்தது. இழுத்துக் கட்டி முடிக்க அரை மணி நேரம். கீழே மஜீது சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து வெள்ளைச்சாமி அவளை 'இஞ்சினியரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார். பாதி கிண்டல், பாதி மரியாதை.

கார்த்திகையில் அனஸ் அந்த முக்கியமான அளவைக் கேட்டான்.

"எல்லா லைனும் ஒரு எடத்துல வந்து சேரணும். அங்கதான் பெட்டி நிக்கும். ஆறடி ஒசரப் பெட்டி. மாடிப்படிக்குக் கீழ எவ்வளவு ஒசரம் இருக்குன்னு பாரு. ஆறடிக்கு மேல இருந்தா அங்கயே நிறுத்திப் பூட்டிரலாம், யாரும் தேவையில்ல. இல்லன்னா தனி ரூமு வேணும். ரூமுன்னு வச்சா பாத்துக்க ஒரு ஆளு உக்காரணும்."

மர்ஜியா மறுநாள் படிக்குக் கீழே போய் அளந்தாள். சிந்தாமணி தரையில் குந்தி முனையைப் பிடித்தாள்.

"ஆறேகால் அடி இருக்குக்கா."

மர்ஜியா நோட்டில் எழுதவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு ரிசப்ஷனுக்குப் பின்னால் இருந்த இடத்துக்குப் போனாள். பத்துக்குப் பன்னிரண்டு. எதற்கென்று இன்னும் முடிவாகாத இடம். தெற்கே பார்த்து ஜன்னல் வைத்தால் பஸ் வருவது தெரியும். ஒரு மேசை போடலாம். காலையில் ஏழரை பஸ்ஸில் அவன் ஏறினால் ஒன்பதுக்கு இங்கே வந்து உட்காரலாம், சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸில் வீடு. நடுவில் சாப்பாட்டுக்கு டிபன் கேரியர் கட்டிக் கொடுக்கலாம். டிபன் கேரியரில் என்ன வைப்பது என்பதுவரை யோசித்தாள்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

"படிக்குக் கீழ அளந்தியா?"

"அளந்தேன். நாலேகால் அடி."

"நாலேகாலா?"

"நாலேகால்."

"அப்ப ரூமுதான்" என்றான் அனஸ். அவள் சொன்ன அளவை அவன் ஒருநாளும் இரண்டாம் தரம் கேட்டதில்லை. போனை வைத்த பிறகு அவளுக்குப் பொய் சொன்ன பயம் கொஞ்சம், சந்தோஷம் அதைவிட அதிகம். கை கால் கழுவி ஒளு செய்துகொண்டு போய் இரண்டு ரக்அத் தொழுதாள். மன்னிப்புக் கேட்டாளா, நன்றி சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது.

அடுத்த பிளானில் அந்த இடத்துக்குக் 'கம்ப்யூட்டர் ரூம்' என்று பெயர் வந்துவிட்டது. நாலு நீலப் புள்ளிகள், நடுவே மேசைக்கு ஒரு கட்டம். கொத்தனார் ஜன்னல் உயரம் கேட்டபோது, யாருக்கும் போன் போடாமல், மூணு அடி என்றாள். வீட்டில் ஏழு வயசு மகள் ருமைசாவிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

"இனிமே அத்தா தெனம் காலையில பஸ்ஸுல வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வந்துருவாங்க."

"தெனமுமா? அப்புறம் எங்க தூங்குவாங்க?"

"இங்கதான், நம்ம கூட."

ருமைசா யோசித்தாள். "எடம் பத்துமா?" என்று கேட்டாள்.

தை கழிந்து பூச்சு வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் அது நடந்தது. கேபிள் சுருள்கள் வந்து இறங்கியிருந்தன. அவற்றை எப்படி இழுப்பது என்று சொல்ல அனஸ் மஜீதின் செல்லுக்குப் போன் பண்ணினான். மஜீது அதை வெள்ளைச்சாமியிடம் கொடுத்தார். வெள்ளைச்சாமி நல்ல மனுஷன். நல்லது செய்கிறோம் என்று நினைத்தேதான் பேசினார்.

"தம்பி, எல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க. ஒரே ஒரு யோசன. பெட்டிக்கு எதுக்கு ஒரு ரூம வீணாக்குறீங்க? மாடிப்படிக்குக் கீழ ஆறேகால் அடி தாராளமாக் கெடக்கு. நான் நிமுந்து நின்னு சிமிட்டி மூட்ட அடுக்குறேன். என்னாது? நாலேகாலா? யாரு சொன்னா?"

மஜீது நிமிர்ந்தார். "ஆறேகால் இருக்கா? அப்ப அந்த ரூமுல ரெண்டு கட்டில் போட்டுரலாமே."

போன் மர்ஜியாவின் கைக்கு வந்தது. சுற்றிலும் ஆட்கள். சிந்தாமணி சட்டியைத் தலையில் வைத்தபடி அப்படியே நின்றாள். ஆறேகால் என்று வாயால் படித்தவள் அவள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"மர்ஜியா. நாலேகால்னுல்ல சொன்ன?"

"தப்பா அளந்துட்டேன் மச்சான்."

"நீயா?"

"ம்."

"சரி. வெள்ளிக்கிழம பேசுறேன்."

வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் அவள் ஏதோ பேருக்குச் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை நெய்ச்சோறும் தால்ச்சாவும் ஆக்கி மூடி வைத்துவிட்டுப் போன் பக்கத்தில் உட்கார்ந்தாள். நஜீமாவுக்கு என்ன தெரியுமோ, பேத்தியைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நீ தப்பா அளக்கல" என்றான் அனஸ்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அப்புடிச் சொன்ன?"

"ரூமு இருந்தா ஆளு உக்காரணும்னு நீங்கதானே சொன்னீங்க."

அந்தப் பக்கத்தில் யாரோ இந்தியில் சிரித்துப் பேசுவது கேட்டது. அனஸ் அங்கிருந்து நகர்ந்து போனான் போல, சத்தம் குறைந்தது.

"நான் இன்னும் மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன் மர்ஜியா. நோம்புக்கு முந்தியே."

நோன்பு பிறந்தது புரட்டாசியில். அவள் மழையில் கம்பிமேல் நடந்து பைப் எண்ணியதற்கு முன்னால்.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"சொன்னேன். வேல முடியட்டும், இப்ப அவகிட்ட சொன்னா சோந்து போயிருவான்னாரு."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் தேவலை. "ஏன் மச்சான்? வர்றதுக்கு என்னா?"

"வந்து என்ன பண்ணட்டும்? லீவுல வந்தா தண்ணி குடிக்க டம்ளர் எங்கேன்னு ஒன்னத்தான் கேக்குறேன். ருமைசா ஒங்கிட்ட, அவங்க எப்ப போவாங்கன்னு என்னப் பத்திக் கேட்டப்ப, நான் கொல்லையிலதான் நின்னேன். இங்க ஒரு ரூமுல எட்டு பேரு. எனக்கு ஒரு கட்டிலு, ஒரு அலமாரி. எது எங்க இருக்குன்னு தெரியும். மாமா மூணு மாசம் பாப்பாரு, அப்புறம் எதுக்கு இவனுக்குச் சம்பளம்னு நெனைப்பாரு. எனக்குப் பயமா இருக்கு மர்ஜியா."

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. தெனம் ஒங்ககூட என்ன பேசுறதுன்னு எனக்குத் தெரியாது. இருந்தாலும் ரூமு கட்டுனேன்ல?"

அவன் பதில் சொல்லத் தொடங்கினான். கார்டு முடிகிற பீப் சத்தம் இரண்டு தரம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. அவள் நெடுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். மறுபடி கார்டு வாங்கிப் போடுவான் என்று நினைத்தாள். அவன் போடவில்லை.

புதிய பிளான் ஒரு வாரத்தில் வந்தது. படிக்குக் கீழே பெட்டி, அதற்குப் பூட்டு. கம்ப்யூட்டர் ரூம் இருந்த இடத்தில் அறை எண் நூற்று எட்டு, இரட்டைக் கட்டில். கூடவே நாலு இடத்தில் புதிதாகப் பச்சைப் புள்ளி. கேமராவாம். இன்டர்நெட் வழியாக அனஸ் சார்ஜாவிலிருந்தே ஹோட்டலைப் பார்த்துக்கொள்ளலாம், பெட்டியில் கோளாறு வந்தால் அங்கிருந்தே சரி செய்யலாம். மஜீதுக்குத் தலைகால் புரியவில்லை. ஆள் வைக்காமலே ஆள் கிடைத்துவிட்டானே. போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நம்ம மருமவன் சார்ஜாவுல உக்காந்து இங்க பாப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மர்ஜியா வேலையைப் பாதியில் விடவில்லை. விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க முடியாது. அவளுக்கு அது வரவில்லை. வெள்ளைச்சாமி பைப்புக்குள் கம்பியை விட்டு மறுமுனையில் கேபிளைக் கட்டி இழுக்க, அவளும் சிந்தாமணியும் சுருளைத் தளர்த்தித் தளர்த்தி விட்டார்கள். ஒவ்வொரு நுனியிலும் அறை எண்ணை எழுதி ஒட்டினார்கள். விஷயம் எப்படியோ தெரிந்ததிலிருந்து வெள்ளைச்சாமி அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. ஒருநாள் ஏணியில் நின்றபடியே, "நான் சும்மா இருந்திருக்கலாம்மா" என்றார்.

"நீங்க இருக்குற அளவத்தானே சொன்னீங்க" என்றாள் மர்ஜியா.

ரிசப்ஷன் கேமராவுக்கு அவளே இடம் குறித்தாள். தரையிலிருந்து எட்டடி, வாசலைப் பார்த்தபடி. வெள்ளைச்சாமி ஒரு சின்ன டிவியை மாட்டிக் காட்ட, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல்வரைக்கும் படத்தில் தெரிகிறது என்று சிந்தாமணியை நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டாள். வாசலிலிருந்து ஏழாவது டைல்ஸில் நின்றால் தலை முதல் கால்வரை தெரியும்.

வைகாசியில் திறப்பு. வாசலில் பந்தல், பாத்திஹா ஓதி முடித்து எல்லாருக்கும் ஜிகர்தண்டா. சிமெண்ட் பேக்டரி ஆட்கள் நாலைந்து பேர், ஊர் ஜமாஅத்தார், சொந்தக்காரர்கள். சிந்தாமணி புதுச் சேலையில் வந்து உள்ளே வரக் கூச்சப்பட்டுப் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நஜீமா பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். மர்ஜியா பெருநாளுக்கு அனஸ் அனுப்பிய ரோஸ் நிறச் சேலையைக் கட்டி, தலையில் வெள்ளைத் துப்பட்டி போட்டிருந்தாள். அந்தச் சேலையை அவள் உடுத்தி அவன் பார்த்ததில்லை.

மஜீது எல்லாரையும் கையமர்த்திவிட்டுச் செல்லை எடுத்தார். ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மருமவனே, தெரியுதா?"

"இருங்க மாமா, வருது" என்றான் அனஸ்.

மர்ஜியா கூட்டத்திலிருந்து விலகி ஏழாவது டைல்ஸில் போய் நின்றாள். அவன்மேல் கோபம் போயிருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் நாலு மாதமாக இருவரும் அளவைத் தவிர வேறு பேசவில்லை. பேச்சில் முடியாதது பார்த்தால் முடியுமோ என்று அவளுக்கு ஒரு ஆசை. துப்பட்டியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு, எட்டடி உயரத்தைப் பார்த்து முகத்தைத் தூக்கினாள். சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் லேசாகச் சிரித்தாள்.

"ஆங், வந்துருச்சு மாமா. வாசல் தெரியுது, சோபா தெரியுது. கொஞ்சம் கலங்கலாத்தான் வருது, நின்னு நின்னு வருது. மேசதான் தெரியல. யாரோ ஒரு பொம்பள நடுவுல நிக்கிறாங்க, கொஞ்சம் தள்ளிக்கச் சொல்லுங்க."

மஜீது மர்ஜியாவைப் பார்த்தார். செல்லைக் கையால் மூடினார், பிறகு கையை எடுத்தார். நஜீமா, "அல்லாஹ்வே" என்று மெல்லச் சொன்னாள்.

அவர் சொல்வதற்கு முன்பே மர்ஜியா இடதுபக்கம் இரண்டு டைல்ஸ் தள்ளி, சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். அவள் நகர்ந்தது சார்ஜாவுக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் ஆனது.

"இப்ப சரியா இருக்கு மாமா" என்றான் அனஸ்.